பெரு மலிவான நாடு என்று சொல்லும் தம்பிமாருக்கு



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கோபம் வந்தால், கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் ஊர்த் தம்பிமார் ஆறு பேர் தென்னமெரிக்காவில் இருக்கும் பெரு நாட்டுக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் நாலு பேர் என்னிடம் புவியியல் படித்தவர்கள். மூன்று பேர் உல்லையில் வெள்ளைக்காரருக்கு சேர்ஃபிங் சொல்லிக் கொடுப்பவர்கள். குஸ்கோ நகரம், இன்கா மலைப்பாதை, மாச்சு பிச்சு, அதற்குப் பிறகு வடக்கே சிக்காமா கடற்கரை என்பது அவர்களின் கனவு. சிக்காமாவில் அடிப்பது உலகத்தின் மிக நீளமான இடப்பக்க அலைகளில் ஒன்று. அறுகம்பே அலையில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் ஒருமுறை ஏற வேண்டும் என்று ஆசை வராவிட்டால்தான் அதிசயம்.

போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குச் சண்டை அவர்கள் போட்டிருக்கும் செலவுக் கணக்கோடு. அந்தக் கொப்பியை என்னிடம் தந்து, "பார்த்துச் சொல்லுங்க சேர்" என்றார்கள். பார்த்தேன். தலைக்கு 6 இலட்சம் ரூபாய். விமான டிக்கட்டுக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம், மிச்சம் 1 இலட்சத்து 80 ஆயிரத்தில் இரண்டு கிழமை. கீழே ஒரு வரி: "பெரு மலிவான நாடு. வழிகாட்டி, சுமை தூக்குபவர் எல்லாம் அங்கே போய்ப் பேசிக் குறைக்கலாம்."

இந்த வரிதான் என்னை எழுத வைத்தது. இதை எழுதியவர்கள் பொத்துவில்காரர்கள். பேசிக் குறைக்க வருபவனைத் தினமும் முகத்துக்கு முகம் பார்க்கிறவர்கள்.

நான் பெருவுக்குப் போனதில்லை. ஆசிரியர் சம்பளத்தில் போகவும் முடியாது. வாசித்ததையும், ஒரு சுற்றுலா ஊரில் பிறந்து வளர்ந்து கண்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலாவது விஷயம். இந்தக் கணக்கு எங்கள் கணக்கே அல்ல. யூரியூப்பில் ஒரு ஐரோப்பியப் பையன் "ஆயிரம் டொலரில் பெரு" என்று காணொளி போடுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய கடவுச்சீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. அவன் வீசா எடுப்பதில்லை. எந்த விமான நிலையத்திலும் மாறி ஏறலாம். எங்களுக்கு அப்படி இல்லை.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பெரு வீசா தேவை. கொழும்பில் பெருவின் தூதரகம் இல்லை. புதுடெல்லியில் இருப்பதுதான் எங்களுக்கும் பொறுப்பு. வங்கிக் கணக்கு விபரம், தொழில் கடிதம், தங்குமிடப் பதிவு, போகவர டிக்கட் பதிவு என்று எல்லாம் கேட்பார்கள். அனுப்பி எடுக்கும் செலவும், காத்திருக்கும் வாரங்களும் கொப்பியில் இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. முகவர் ஒருவர் மட்ரிட் வழியாக டிக்கட் போட்டுத் தருவதாகச் சொல்லித் தலைக்கு 50 ஆயிரம் முற்பணம் கேட்டிருக்கிறார். ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட தனி இடைத்தங்கல் வீசா கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியான வீசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. எங்கள் ஆறு பேரிடமும் அது இல்லை. அமெரிக்கா வழியாகப் போவதென்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க வீசா வேண்டும். அப்படியென்றால் அந்த மலிவு டிக்கட்டோடு கட்டுநாயக்காவில் வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முற்பணம் போனது போனதுதான்.

எங்களுக்குப் பொருத்தமான வழி டோஹா அல்லது டுபாய், அங்கிருந்து பிரேசிலின் சாவோ பாவுலோ, அங்கிருந்து லீமா. முழுவதும் ஒரே டிக்கட்டாக இருக்க வேண்டும், சாவோ பாவுலோவில் சர்வதேசப் பகுதியை விட்டு வெளியே வரக்கூடாது. இரண்டு டிக்கட்டாகப் பிரித்து வாங்கினால் பொதியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், பிரேசில் வீசாவும் தேவைப்படும். இந்த வழிக்கு நான் 2000 டொலர் வைக்கிறேன்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவும் பிரேசிலும் அந்த நோய் பரவும் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் உள்ளவை. அங்கே போய்விட்டு இலங்கைக்குத் திரும்பி வரும்போது எங்கள் அதிகாரிகளே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊசி போடலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். இதுவும் கொப்பியில் இல்லை. ஐரோப்பியப் பையனின் காணொளியில் இல்லாதது எதுவும் எங்கள் கொப்பியிலும் இல்லை.

இரண்டாவது விஷயம் உடம்பு. கொப்பியின்படி முதல் நாள் லீமா, இரண்டாம் நாள் விமானத்தில் குஸ்கோ, மூன்றாம் நாள் வினிகுங்கா என்ற வானவில் மலை. நாள் குறைந்தால் செலவு குறையும் என்பது கணக்கு. தம்பிமாரே, வகுப்பில் பீதுருதாலகால எவ்வளவு உயரம் என்று கேட்டால் 2524 மீற்றர் என்று ஒரே குரலில் சொல்வீர்கள். குஸ்கோ நகரம் அதைவிட ஏறத்தாழ 900 மீற்றர் உயரம், ஏறக்குறைய 3400 மீற்றர். எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த மலையின் உச்சிக்கு மேலே ஏறத்தாழ 900 மீற்றர் உயரமான இன்னொரு மலையை வைத்தால் வருகிற உயரத்தில் அங்கே சந்தையும் பள்ளிக்கூடமும் நடக்கிறது. வானவில் மலை 5000 மீற்றருக்கு மேல்.

கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு ஒரு மணித்தியாலம் இருபது நிமிடத்தில் அந்த உயரத்தில் போய் இறங்குகிறது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். சிலருக்கு நுரையீரலில் நீர் சேர்ந்து உயிராபத்தும் வரும். எவ்வளவு பலசாலி, எவ்வளவு நேரம் கடலில் துடுப்புப் போடுவான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால் குஸ்கோவில் இறங்கிய கையோடு கீழே இருக்கும் புனிதப் பள்ளத்தாக்குக்கு, 2800 மீற்றர் உயரமுள்ள ஒல்லாந்தாய்தம்போவுக்கு இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். மாச்சு பிச்சு ஏறத்தாழ 2430 மீற்றர்தான், பீதுருதாலகாலவைவிடத் தாழ்வு. அதை முதலில் பாருங்கள். உயரமான இடங்களைக் கடைசிக்கு வையுங்கள். போவதற்கு முன் ஒரு வைத்தியரைக் கண்டு கதையுங்கள். அந்த இரண்டு இரவுக்கான காசை மிச்சம் பிடித்தால் அதைப்போல பத்து மடங்கை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வரும்.

ஊரில் ஒருவர், "கொக்கா இலைத் தேநீர் குடிச்சா சரி" என்றாராம். பெருவில் அது சட்டப்படி விற்கும் பொருள். ஆனால் நினைவுப் பொருள் என்று ஒரு பைக்கற்றை பொதியில் போட்டு டுபாயில் இறங்கினால் அது போதைப்பொருள் வழக்கு. ஒரு தேநீர்ப் பைக்கற்றுக்காக உம்மாவை நீதிமன்ற வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

மூன்றாவது விஷயம் நாட்காட்டி. உல்லையில் சீசன் மேயிலிருந்து ஒக்டோபர் வரை. குஸ்கோப் பக்கம் மழையில்லாத நல்ல காலமும் அதே மேயிலிருந்து செப்டம்பர் வரைதான். எங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை. 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அறுத்து, மாச்சு பிச்சுவின் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள், ஹெலிகொப்டரில் ஏற்றி எடுத்தார்கள். பெப்ரவரி மாதம் முழுக்க இன்கா பாதை பராமரிப்புக்காக மூடப்படும். கொப்பியில் எழுதியிருக்கும் மாதமோ பெப்ரவரி! டிக்கட் மலிவாம். மலிவாகத்தான் இருக்கும். மூடிக் கிடக்கும் கடைக்குப் போக யார் கூடச் சல்லி கொடுப்பான்?

ஏப்ரல் பிற்பகுதி பொருத்தம். சீசன் தொடங்க முன் போய் வந்துவிடலாம், அங்கே மழையும் விட்டிருக்கும். இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதுவும் வழிகாட்டிகளையும் சுமை தூக்குபவர்களையும் சேர்த்து. பயணிகளுக்கு அதில் பாதிகூட வராது. அனுமதிச் சீட்டு கடவுச்சீட்டு இலக்கத்தோடு பெயருக்கு வரும், பிறருக்கு மாற்ற முடியாது. தனியாக நடக்க முடியாது, உரிமம் உள்ள நிறுவனம் மூலம்தான் போகலாம். ஆகவே மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிய வேண்டும். "அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நான் போட்ட கணக்கு. இன்கா பாதை இல்லாமல், ரயிலில் மாச்சு பிச்சு போய், சிக்காமாவும் பார்த்து, 14 இரவு. தலைக்கு. டொலர் 300 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். விலைகள் மாறும், ஒழுங்கைப் பாருங்கள்.

விமானம், போகவர: 2000 டொலர்
வீசா, ஆவணங்கள், தடுப்பூசி: 150
காப்புறுதி: 80
லீமா – குஸ்கோ விமானம், போகவர: 130
மாச்சு பிச்சு நுழைவு, ரயில், மலைக்கு ஏறும் பஸ்: 200
குஸ்கோ வட்டாரச் சுற்றுலாச் சீட்டு: 40
லீமாவிலிருந்து வடக்கே பஸ், போகவர: 60
தங்குமிடம், இரவுக்கு 25 வீதம்: 350
சாப்பாடு, நாளுக்கு 20 வீதம்: 280
வழிகாட்டி, சாரதி, கூலி, அன்பளிப்பு, சிறு பயணங்கள்: 200

கூட்டினால் 3490. அவசரத்துக்குப் பத்து வீதம் சேர்த்தால் ஏறத்தாழ 3840 டொலர். பதினொன்றரை இலட்சம் ரூபாய். இன்கா பாதையில் நாலு நாள் நடப்பதென்றால், உரிமம் உள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் 700 டொலருக்கு மேல் கேட்கின்றன. ரயில், நுழைவு, மூன்று இரவு மிச்சமானாலும் இன்னும் ஒரு இலட்சத்துக்கு மேல் கூடும்.

அவசரப் பணத்தை வெட்டாதீர்கள். 2022 டிசம்பர் 7இல் பெருவின் ஜனாதிபதி பெத்ரோ காஸ்டில்லோ பதவி நீக்கப்பட்டதும் நாடு கொதித்தது. ரயில் நின்றது. 2023 ஜனவரி 21இல் மாச்சு பிச்சுவையே மூடினார்கள். அப்படி ஒரு வாரம் மாட்டினால் தங்கவும் சாப்பிடவும் யார் தருவார்?

இப்போது அந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். நான் சொல்ல வந்தது அதற்குள்தான் இருக்கிறது.

விமானக் கம்பனி பாதிக்கு மேல் எடுக்கிறது. அதோடு பேரம் பேச முடியுமா? முடியாது. தூதரகத்தோடு? முடியாது. மாச்சு பிச்சு நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 152 சோல், பெரு நாட்டவருக்கும் பக்கத்து அந்தீஸ் நாட்டவருக்கும் 64 சோல். அதிலும் குறைக்க முடியாது. ரயில்? உள்ளூர் மக்களுக்கு மலிவான ரயில் இருக்கிறது, அதில் நம்மை ஏற்ற மாட்டார்கள். சுற்றுலா ரயில் கம்பனிகள் இரண்டு. பெரியதான பெருரயிலின் பங்குதாரர்களில் ஒன்று பெல்மண்ட். அந்தப் பெல்மண்டை 2019இல் பிரான்சின் ஆடம்பரப் பொருள் கம்பனியான எல்விஎம்எச் வாங்கியது. அவர்களிடம் போய் "கொஞ்சம் குறைங்க காக்கா" என்று கேட்டுப் பாருங்களேன்.

மிஞ்சுவது கடைசி வரி. 200 டொலர். மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்கு. வழிகாட்டி, சாரதி, சுமை தூக்குபவர், அன்பளிப்பு. பட்டியல் முழுவதிலும் எங்கள் பேரத்துக்குப் பயப்படக்கூடிய மனிதர்கள் அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறார்கள். கொப்பியில் "பேசிக் குறைக்கலாம்" என்று எழுதியதும் அந்த வரிக்கு நேரேதான்.

பெரிய கம்பனிகளிடம் கேட்ட விலையைக் கொடுத்து "நன்றி" என்று மின்னஞ்சலும் எழுதுவோம். கூலிக்காரனிடம் மட்டும் எங்கள் கெட்டித்தனத்தைக் காட்டுவோம். இதற்குப் பெயர் சிக்கனமா?

அந்தச் சுமை தூக்குபவர்கள் யார் என்று தெரியுமா? பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமத்து விவசாயிகள். உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடுபவர்கள். பயணிகளின் கூடாரம், அடுப்பு, எரிவாயு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் கட்டி, 4200 மீற்றர் உயரக் கணவாயைத் தாண்டி, பயணி வந்து சேர முன் ஓடிப்போய்க் கூடாரம் அடித்துத் தேநீர் வைப்பவர்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்று 2001இல்தான் அங்கே சட்டம் வந்தது. சோதனைச் சாவடியில் சுமையை நிறுக்கிறார்கள். ஒரு மனிதனின் முதுகுக்கு எல்லை உண்டு என்பதைச் சட்டம் போட்டுத் தராசு வைத்துச் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. சந்தையில் ஆக மலிவாக ஒரு நிறுவனம் இன்கா பாதையை விற்கிறதென்றால், அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அனுமதிச் சீட்டிலும் ரயிலிலும் குறைக்க முடியாதவன் வேறு எங்கே குறைத்திருப்பான்? கூலியில், உறங்கக் கொடுக்கும் விரிப்பில், சாப்பாட்டில்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தோம். மாதக் கடைசியில் கையில் வந்த அதே சம்பளம் அரைவாசிச் சாமானுக்குத்தான் போதுமானது. அதே மாதங்களில் வெளிநாட்டுப் பயணப் பக்கங்களில் என்ன எழுதினார்கள்? "இலங்கை இப்போது மிகவும் மலிவு, போக இதுதான் நேரம்." எங்கள் வீட்டு அடுப்பு அணைந்த நேரம்தான் அவர்களுக்கு நாங்கள் மலிவான நேரம்.

"மலிவான நாடு" என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது. அந்த நாட்டில் அரிசியும் எண்ணெயும் அந்த மக்களுக்கு மலிவு என்று அர்த்தமில்லை. அந்த நாட்டு மனிதனின் ஒரு நாள் உழைப்பை வெளியிலிருந்து வருபவன் கொஞ்சச் சல்லிக்கு வாங்கலாம் என்றுதான் அர்த்தம். விடியற்காலை நாலு மணிக்குக் குமனைக்கு ஓட்டோ கொண்டுபோகும் பிள்ளையிடம், 3 இலட்சம் ரூபாய்க் கமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு 300 ரூபாய்க்கு மல்லுக்கட்டுபவனை நீங்கள் என்னவென்று பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது. அந்த வார்த்தையை குஸ்கோவில் ஒருவன் கெச்சுவா மொழியில் உங்களைப் பார்த்துச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. விளங்காததால் அது இல்லை என்று ஆகாது.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள்.

"நாங்களும் ஏழை நாட்டுக்காரர்தானே சேர், வெள்ளைக்காரன் கொடுக்கிற விலையை நாங்கள் ஏன் கொடுக்க வேணும்?" நியாயமான கேள்வி. சீகிரியாவில் வெளிநாட்டவருக்கு 30 டொலருக்குக் குறையாமல் எடுப்பதும் எங்களுக்கு அதைவிட மிகக் குறைவாக எடுப்பதும் போல அங்கேயும் இரண்டு விலை இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் ஏழ்மையை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். ஆனால் கம்பனியும் அரசாங்கமும் கணக்கெடுக்காத ஏழ்மையை, கூலிக்காரன் மட்டும் தன் கூலியிலிருந்து கழித்துத் தர வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சந்தையில் ஒரு கம்பளிச் சால்வைக்கு விலை கேட்டு, சிரித்துப் பேசி, இரண்டு சோல் குறைப்பது வேறு. அது வியாபாரம், அவளும் ரசித்துத்தான் செய்வாள். ஒரு மனிதனின் நாள் கூலியைப் பிடுங்குவது வேறு.

"இதெல்லாம் வீண்விரயம், இந்தச் சல்லிக்கு உம்ராச் செய்யலாமே" என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். பெரியவர்களே, கல்யாண மண்டபத்துக்கு ஒரு இரவில் இதைவிடக் கூடக் கொட்டியபோது உங்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? வீண்விரயம் என்பது எங்கே போகிறோம் என்பதில் மட்டும் இல்லை. கடன் இருப்பவன், வீட்டில் பொறுப்பு முடியாதவன் எங்கே போனாலும் யோசிக்கத்தான் வேண்டும். அது முடிந்தவன் உழைத்த காசில் அல்லாஹ் படைத்த பூமியைப் பார்க்கப் போனால் அதைத் தடுக்க எனக்கு மனமில்லை.

"பதினொன்றரை இலட்சம் என்றால் நாங்கள் போகவே முடியாதே?" போகலாம், இந்த வருடம் முடியாது. மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 32 ஆயிரம் ரூபாய். சீசனில் கூட, மழைக்காலத்தில் குறைய என்று ஆறு பேரும் சீட்டுப் போல் கட்டுங்கள். கடனட்டையில் போகாதீர்கள். கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு பேரின் பெயருக்கு நேரே "காட்" என்று எழுதியிருப்பதைக் கண்டேன். வந்து இரண்டு வருடம் வட்டி கட்டுகிற பயணத்துக்கு மலிவு என்று பெயர் வைக்க முடியாது. வட்டி எங்களுக்கு என்னவென்று நான் சொல்லித் தரவும் தேவையில்லை.

குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைக்க வேண்டிய இடம் உங்கள் சொகுசு.

மாச்சு பிச்சு அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பஸ் போகவர 24 டொலர். நடந்தால் ஒன்றரை மணித்தியாலம், சல்லி இல்லை. நடங்கள். மழையில்லாத மாதமென்றால் ரயிலுக்குப் பதில் குஸ்கோவிலிருந்து ஹிட்ரோஎலெக்த்ரிகா என்ற இடம்வரை வாகனத்தில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் நடக்கலாம். நேரமும் காலும் செலவாகும், காசு மிச்சமாகும். மழைக்காலத்தில் அந்த வழியால் போகவே வேண்டாம், மண் சரியும். ஹோட்டலில் வெளிநாட்டுப் பயணிக்கு 18 வீத விற்பனை வரி விலக்கு உண்டு. கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பகல் சாப்பாட்டுக்கு உள்ளூர்க் கடைகளில் "மெனு" என்று சூப்பு, சோறு, குடிபானம் சேர்த்து 10, 15 சோலுக்குக் கொடுப்பார்கள். டொலருக்கு மூன்றரை சோல் அளவில் வைத்துப் பாருங்கள், பெரிய காசில்லை. ஹலால் இறைச்சி குஸ்கோவில் தேடி அலைவதைவிட மீன், முட்டை, உருளைக்கிழங்கு, கீன்வா தானியம் என்று இருந்துவிடலாம். மலை ஏரிகளின் ட்ரவுட் மீன் எங்கும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதியில் தங்கி, சான் பெத்ரோ சந்தையில் வாங்கிச் சமைத்தால் இரவுச் சாப்பாடும் மிச்சம். டொலர் நோட்டைக் கிழியாமல், மடிப்பில்லாமல் கொண்டு போங்கள். மூலை கிழிந்த நோட்டை அங்கே மாற்ற மறுப்பார்கள்.

இவ்வளவு இடத்தில் குறைக்கலாம். இவை எல்லாவற்றிலும் சிரமப்படுவது நீங்கள் மட்டும். சிக்கனத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: என் கால் வலித்து மிச்சமாகும் காசு சிக்கனம். இன்னொருவனின் முதுகு வலித்து மிச்சமாகும் காசுக்கு வேறு பெயர்.

ஆகவே தம்பிமாரே, கொப்பியைத் திருப்பித் தந்திருக்கிறேன். சிவப்புப் பேனையால் நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். மட்ரிட்டை வெட்டுங்கள், அந்த முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பெப்ரவரியை வெட்டுங்கள். காட் என்ற சொல்லை வெட்டுங்கள். கடைசி வரியில் "பேசிக் குறைக்கலாம்" என்பதை வெட்டிவிட்டு, "முதலில் ஒதுக்க வேண்டியது" என்று எழுதி, அந்த 200 டொலரைப் பட்டியலின் மேலே கொண்டுபோய் வையுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது விலையைக் கேட்க முன், "சுமை தூக்குபவருக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், அவர் எங்கே தூங்குகிறார்" என்று கேளுங்கள். பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டுவிட்டு உல்லைக்கு வந்த பயணி ஒருவனையாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. நீங்கள் அங்கே அப்படி ஒருவனாகப் போங்கள்.

இன்ஷா அல்லாஹ் மூன்று வருடத்தில் சிக்காமா அலையில் நிற்கும் படத்தை அனுப்புங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிறேன்.